எட்டில் ஏழு கான்சன்ட்ரேஷன்: ஐந்தாம் லெவல் பார்டின் மந்திரப் பட்டியல், ஒரு நிகழ்வு ஆய்வு

டன்ஜன்ஸ் & டிராகன்ஸ் என்ற பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில், பார்டு என்ற வகுப்பை, அதாவது பாடகர்-மந்திரவாதிப் பாத்திரத்தை, எடுத்தவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. அரசவையில், சந்தையில், காவலர்களிடம் பேசும்போதெல்லாம் பாத்திரம் கொடிகட்டிப் பறக்கிறது. சண்டை தொடங்கி இரண்டாம் சுற்று வந்ததும் செய்ய ஒன்றும் இல்லை. பழியை வகுப்பின் மேல் போடுகிறார்கள். பட்டியலைக் கொடுங்கள் பார்ப்போம் என்று வாங்கிப் பார்த்தால் காரணம் அங்கேயே எழுதியிருக்கும்.

இந்த ஆய்வு அப்படிப்பட்ட ஒரு பட்டியலைப் பிரித்துப் பார்க்கிறது. பாத்திரமும் குழுவும் ஆய்வுக்காகவே அமைத்தவை. விதிகளும் எதிரிகளின் எண்களும் 2014ஆம் ஆண்டு விதிகளில் உள்ளபடி. 2024 பதிப்பில் மாறியவை தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும். குழப்பம் வராமலிருக்க, பாத்திரத்தின் படியை ‘லெவல்’ என்றும் மந்திரத்தின் படியை ‘நிலை’ என்றும் எழுதுகிறோம்.

பாத்திரமும் குழுவும்

மனித பார்டு, காலேஜ் ஆஃப் லோர் என்ற உட்பிரிவு, ஐந்தாம் லெவல். கரிஸ்மா (ஆளுமைக் கவர்ச்சி) 18 (16இல் தொடங்கி நான்காம் லெவலில் 2 கூட்டியது), டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 14, கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) 14. ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி) 38. ஆணி பதித்த தோல் கவசத்துடன் ஆர்மர் கிளாஸ் (தாக்குதல் பட எதிரி எட்ட வேண்டிய எண்) 14. மந்திரத்தை எதிர்க்க எதிரி பகடை எறிந்து (இதுவே ‘சேவ்’) எட்ட வேண்டிய எண் 15: அதாவது 8, திறமைப் போனஸ் 3, கரிஸ்மா 18 தரும் 4.

உடன் வருபவர்கள் மூவர். கேடயமும் நீள்வாளும் ஏந்திய ஃபைட்டர், ரேப்பியர் (மெல்லிய குத்துவாள்) வைத்திருக்கும் ரோக், ஃபயர்பாலில் (நெருப்புக் குண்டு மந்திரம்) நம்பிக்கை வைத்த விஸார்டு. குணமாக்கும் வகுப்புகளில் கிளெரிக் இல்லை, ட்ரூயிட் இல்லை, பாலடினும் இல்லை. பட்டியலைத் தீர்மானிக்க வேண்டிய முதல் தகவல் இதுதான். இந்தக் குழுவில் விழுந்தவரை எழுப்ப பார்டை விட்டால் வேறு ஆள் கிடையாது.

விதி எங்கே இறுக்குகிறது

விஸார்டு காலையில் புத்தகத்தைத் திறந்து அன்றைக்கு வேண்டியதைத் தயார் செய்துகொள்வார். பார்டுக்கு அந்த வசதி இல்லை. முதல் லெவலில் நான்கு மந்திரம், பிறகு ஒன்பதாம் லெவல் வரை லெவலுக்கு ஒன்று கூடும். ஐந்தாம் லெவலில் கையில் இருப்பது எட்டு. லெவல் ஏறும்போது ஒன்றை மட்டும் கொடுத்து இன்னொன்றை வாங்கலாம். 2024 விதியில் ஐந்தாம் லெவலுக்கு ஒன்பது கிடைக்கிறது. ஆனால் லெவலுக்கு ஒரு மாற்றம் என்பது அங்கேயும் அப்படியே.

ஸ்லாட், அதாவது ஓய்வுக்கு ஓய்வு மந்திரம் போடக் கிடைக்கும் வாய்ப்பு, என்று பார்த்தால் குறையில்லை. ஐந்தாம் லெவலில் முதல் நிலை நான்கு, இரண்டாம் நிலை மூன்று, மூன்றாம் நிலை இரண்டு, மொத்தம் ஒன்பது. எட்டு மந்திரத்துக்கு ஒன்பது ஸ்லாட் என்றால் தட்டுப்பாடு வேறு எங்கோ இருக்கிறது. அது மூன்று இடங்களில் இருக்கிறது.

முதலாவது கான்சன்ட்ரேஷன்: சில மந்திரங்கள் நீடிக்க அவற்றின் மேல் கவனத்தை வைத்திருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடித்து வைக்க முடியும். இரண்டாவதைத் தொடங்கினால் முதலாவது அணைந்துவிடும். அடி விழும்போதெல்லாம் கான்ஸ்டிட்யூஷன் சேவ் எறிய வேண்டும்: 10 அல்லது வாங்கிய அடியில் பாதி, எது பெரிதோ அது. பார்டுக்குக் கான்ஸ்டிட்யூஷன் சேவில் திறமைப் போனஸ் கிடையாது. கான்ஸ்டிட்யூஷன் 14 தரும் வெறும் +2 உடன் 10ஐ எட்ட 65 சதவீத வாய்ப்பு. மூன்று அடி வாங்கினால் மந்திரம் தாங்குவது கால்வாசிக்குச் சற்று மேல்தான்.

இரண்டாவது போனஸ் ஆக்ஷன்: ஒவ்வொரு சுற்றிலும் தன் முறை வரும்போது, முக்கியச் செயலான ஆக்ஷனோடு செய்யக்கூடிய ஒரே சிறு செயல். பார்டிக் இன்ஸ்பிரேஷன் (நண்பர் தன் எறிதலில் கூட்டிக்கொள்ள ஒரு பகடை) கொடுப்பதும் ஹீலிங் வேர்டு (விழுந்தவரை எழுப்பும் மந்திரம்) சொல்வதும் இதிலேயே. போனஸ் ஆக்ஷனில் ஒரு மந்திரம் போட்டால், அதே முறையில் ஆக்ஷனில் கான்ட்ரிப் (ஸ்லாட் வேண்டாத சிறு மந்திரம்) மட்டுமே போடலாம் என்ற விதியும் சேர்ந்துகொள்கிறது. இன்ஸ்பிரேஷன் மந்திரம் அல்ல. அதனால் அதையும் பெரிய மந்திரத்தையும் ஒரே முறையில் செய்யலாம். 2024இல் இந்த விதி ‘ஒரு முறையில் ஒரு ஸ்லாட்’ என்று எளிதாகிவிட்டது.

மூன்றாவது ரியாக்ஷன் (பிறர் செயலுக்கு எதிராகச் செய்வது, சுற்றுக்கு ஒன்று). லோர் பார்டின் கட்டிங் வேர்ட்ஸ் (எதிரியின் எறிதலைக் குறைக்கும் கிண்டல்) இதைத் தின்னும்.

தேர்ந்தெடுத்திருந்த பட்டியல்

சார்ம் பெர்சன் (ஒருவரை நட்பாக மயக்குவது), ஃபேரி ஃபயர் (எதிரியை ஒளியால் காட்டிக்கொடுப்பது), ஹிடியஸ் லாஃப்டர் (சிரித்து விழவைப்பது), ஹீரோயிசம் (துணிவு தருவது), ஹோல்டு பெர்சன் (ஆளை முடக்குவது), இன்விசிபிலிட்டி (கண்ணுக்கு மறைவது), சஜெஷன் (சொன்னதைச் செய்யவைப்பது), ஹிப்னாடிக் பேட்டர்ன் (கூட்டத்தை மயக்கி நிறுத்துவது).

தனித்தனியாக எடுத்தால் ஒன்றையும் மட்டமென்று சொல்ல முடியாது. ஹிப்னாடிக் பேட்டர்ன் மூன்றாம் நிலையில் பார்டுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த மந்திரம் என்று சொன்னால் மறுப்பவர் குறைவு. வகுப்பின் முழு மந்திரப் பட்டியலையும் வரிசையாகப் படித்து, ஒவ்வொன்றையும் ‘இது நல்லதா’ என்று கேட்டுத் தேர்ந்தால் இப்படித்தான் வந்து சேரும். கேட்க வேண்டியிருந்த கேள்வி வேறு: ஏற்கெனவே எடுத்தவற்றோடு ஒரே சண்டையில் இது சேர்ந்து ஓடுமா?

எண்ணிப் பாருங்கள். சார்ம் பெர்சனைத் தவிர ஏழும் கான்சன்ட்ரேஷன். எதிரி சேவ் எறிய வேண்டிய மந்திரங்கள் ஆறு. அவற்றில் ஐந்து விஸ்டம் (மன உறுதி) சேவ், ஃபேரி ஃபயர் மட்டும் டெக்ஸ்டெரிட்டி. விஸ்டம் பலமான எதிரி வந்தால் முழுப் பட்டியலும் சேர்ந்தே மழுங்கும். சார்ம் பெர்சன், சஜெஷன், ஹிப்னாடிக் பேட்டர்ன் மூன்றும் மயக்கத்துக்கு ஆட்படாத உயிரிடம் செல்லாது. சார்ம் பெர்சனும் ஹோல்டு பெர்சனும் மனித வகை உயிர்களுக்கு மட்டும். ஹிட் பாயின்டைத் திருப்பிக் கொடுக்க ஒன்றுமே இல்லை.

சார்ம் பெர்சனைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. மூன்றாம் லெவலில் எக்ஸ்பர்டீஸை (திறமைப் போனஸை இரட்டிப்பாக்குவது) பெர்சுவேஷனில் (பேசி இணங்கவைக்கும் திறமை) போட்டிருந்தால் ஐந்தாம் லெவலில் அந்தத் திறமைக்கு +10 வருகிறது. ஸ்லாட் செலவில்லை, பின்விளைவும் இல்லை. சார்ம் பெர்சன் முடிந்ததும் ‘என்னை மயக்கிவிட்டான்’ என்று அந்த ஆளுக்குத் தெரிந்துவிடும். பத்துப் போனஸ் கையில் இருக்கும்போது ஊர் முழுக்கப் பகையைச் சம்பாதிக்க ஒரு மந்திரம் எதற்கு?

சாதாரணச் சண்டையில் இந்தப் பட்டியல் எப்படி ஓடும்? முதல் சுற்றில் கான்சன்ட்ரேஷன் மந்திரம் ஒன்று. இரண்டாம் சுற்றிலிருந்து அதைக் காப்பாற்றிக்கொண்டே விஷஸ் மாக்கரி என்ற கான்ட்ரிப். 2டி4 (நான்கு முகப் பகடை இரண்டு), சராசரி 5 புள்ளி அடி. எதிரி சேவில் தோற்றால் அவனுடைய அடுத்த தாக்குதலுக்குப் பாதகமும் (இரண்டு தடவை எறிந்து சிறியதை எடுப்பது) உண்டு. கெட்ட காரியம் அல்ல, ஆனால் ஒன்பது ஸ்லாட் வைத்திருப்பவர் செய்ய வேண்டியது அது மட்டுமில்லை. நோயின் அடையாளம் எளிது. ஸ்லாட்டுகளைத் திருப்பித் தரும் நெடிய ஓய்வுக்குப் போகும்போது முதல் நிலை ஸ்லாட் மூன்று நான்கு தொடாமல் கிடந்தால் பட்டியலில் கான்சன்ட்ரேஷன் மிகுதி.

உடைந்த இடம்: நான்கு கூல், ஒரு காஸ்ட்

பழைய கல்லறை ஒன்றில், இறந்தும் உலவும் பிணந்தின்னிகளான நான்கு கூல்களும், அவற்றைவிடப் பலமான ஒரு காஸ்டும். கணக்குப்படி இது கொல்லும் சண்டை அல்ல. கூலுக்கு 200 அனுபவப் புள்ளி, காஸ்டுக்கு 450, கூட்டினால் 1250. ஐந்து எதிரி என்பதால் இரண்டால் பெருக்கி 2500. ஐந்தாம் லெவல் நால்வருக்கு நடுத்தரச் சண்டை 2000இல் தொடங்கும், கடினம் 3000இல். ஆக, நடுத்தரம்.

கூலும் காஸ்டும் மயக்கத்துக்கு ஆட்படாதவை. முதல் சுற்றில் பார்டு ஹிப்னாடிக் பேட்டர்னை வீசினால் ஐந்தும் அதைக் கண்டுகொள்ளாமல் நடந்துவரும். மூன்றாம் நிலை ஸ்லாட் இரண்டில் ஒன்று போயிற்று. சஜெஷன் செல்லாது. இவை மனித வகை அல்ல என்பதால் ஹோல்டு பெர்சனும் சார்ம் பெர்சனும் செல்லாது. இன்விசிபிலிட்டி தப்பி ஓட உதவும். ஹீரோயிசம் அச்சத்தைத் தடுத்து, தொட்டவருக்கு முறைக்கு 4 தற்காலிக ஹிட் பாயின்ட் தரும். கூல் அச்சுறுத்துவதில்லை, முடக்குகிறது.

எஞ்சுவது இரண்டு. ஹிடியஸ் லாஃப்டர் ஒரு கூலை மட்டும் விழவைக்கும். ஃபேரி ஃபயர் ஐந்தின் மேலும் படலாம், கூல் தோற்க 60 சதவீதம், காஸ்ட் தோற்க 55. ஆனால் கூலின் ஆர்மர் கிளாஸ் 12தான். +7 உடன் வெட்டும் ஃபைட்டருக்கு ஏற்கெனவே 80 சதவீதம் படும். ஃபேரி ஃபயர் தரும் சாதகம் (இரண்டு தடவை எறிந்து பெரியதை எடுப்பது) அதை 96 ஆக்குகிறது. இதே மந்திரத்தை ஆர்மர் கிளாஸ் 18 உள்ள ஹாப்காப்ளின் (கவசமணிந்த போர்வீர அரக்கர்) வரிசை மேல் போட்டால் 50 சதவீதம் 75 ஆகும். ஃபேரி ஃபயர் எங்கே விலைபோகும் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன.

இனி கூலின் நகம். பட்டால் கான்ஸ்டிட்யூஷன் சேவ் 10. தோற்றால் ஒரு நிமிடம் வரை முடக்கம், ஒவ்வொரு முறையின் முடிவிலும் மறுபடி எறியலாம். ஃபைட்டர் பெரும்பாலும் தப்புவார். +2 வைத்திருக்கும் விஸார்டு மூன்றில் ஒரு தடவை தோற்பார். முடங்கியவரை ஐந்து அடிக்குள் நின்று தாக்கினால், பட்ட அடி ஒவ்வொன்றும் கிரிட்டிகல். அடுத்த சுற்றில் விஸார்டு பூஜ்யத்துக்கு விழுவார். அவரை எழுப்பவும் முடக்கத்தை நீக்கவும் பார்டின் கையில் எதுவும் இல்லை. நடுத்தரச் சண்டை உயிர்ப்பலியாக மாறும் இடம் இதுதான். பகடையைக் குறை சொல்ல இடமில்லை.

மாற்றுப் பட்டியல், லெவல் வாரியாக

தேர்வுக்கு முன் ஒரு தாளை எடுத்து ஒவ்வொரு மந்திரத்துக்கும் நேராக நான்கு குறிப்பு எழுதுவது நல்லது: ஆக்ஷனா போனஸா ரியாக்ஷனா, கான்சன்ட்ரேஷன் உண்டா, எந்த சேவ், யாரிடம் செல்லாது. இரண்டாவது குறிப்பில் பாதிக்கு மேல் ‘உண்டு’ வரக்கூடாது. மூன்றாவதில் ஒரே சேவ் பாதிக்கு மேல் வரக்கூடாது. பிறகு, குழுவில் இன்னொருவர் செய்யக்கூடியதை அடித்துவிடுங்கள். விஸார்டு இருக்கும் குழுவில் டிடெக்ட் மேஜிக் (மந்திரத்தைக் கண்டறிவது), ஐடென்டிஃபை (மந்திரப் பொருளை அடையாளம் காண்பது), டைனி ஹட் (பாதுகாப்பான குடில்) மூன்றுக்கும் பார்டு இடம் ஒதுக்குவது வீண். விஸார்டு அவற்றைத் தயார் செய்யாமலேயே புத்தகத்தைப் பார்த்து, ஸ்லாட் செலவில்லாமல், சடங்காகச் செய்துவிடுவார். பார்டு சடங்காகச் செய்யவும் எட்டில் ஒன்றைத் தியாகம் செய்ய வேண்டும். விஸார்டு இல்லாத குழு என்றால் இந்தத் தீர்ப்பு அப்படியே தலைகீழ். டைனி ஹட் அங்கே தங்கம்.

முதல் லெவல்: ஹீலிங் வேர்டு, டிஸ்ஸனன்ட் விஸ்பர்ஸ், ஃபேரி ஃபயர், ஸ்லீப். கான்ட்ரிப் இரண்டு, விஷஸ் மாக்கரியும் மைனர் இல்யூஷனும் (சிறு மாயத்தோற்றம்).

ஸ்லீப் 2014 விதியில் சேவ் இல்லாதது. 5டி8, சராசரி 22.5 ஹிட் பாயின்ட் அளவுக்குக் குறைந்தவர்களிலிருந்து தூங்கவைக்கும். காப்ளின் என்ற குட்டி அரக்கனுக்கு 7, சராசரியாக மூன்று பேர் தரையில். முதல் லெவலில் இதற்கு ஈடு கிடையாது. அதே மந்திரம் ஐந்தாம் லெவலில் மூன்றாம் நிலை ஸ்லாட்டில் போட்டாலும் சராசரி 40.5தான், 59 ஹிட் பாயின்ட் உள்ள ஓகர் என்ற பேரரக்கன் கொட்டாவிகூட விடாது. எடுக்கும்போதே திருப்பிக் கொடுக்கும் நாளையும் குறித்துக்கொள்ள வேண்டிய மந்திரம். 2024இல் இது விஸ்டம் சேவும் கான்சன்ட்ரேஷனுமாக மாறிவிட்டதால் இந்தக் கணக்கு அங்கே பொருந்தாது.

இரண்டாம் லெவல்: ஹிடியஸ் லாஃப்டர். ஒற்றை முரடனைப் படுக்கவைக்க. இன்டலிஜென்ஸ் 4க்கு மேல் இல்லாத உயிரிடம் செல்லாது.

மூன்றாம் லெவல்: சஜெஷன். மாற்றம் எதுவும் வேண்டாம்; ஸ்லீப்புக்கு இன்னும் வேலை இருக்கிறது.

நான்காம் லெவல்: லெஸர் ரெஸ்டொரேஷன் (முடக்கம் போன்றவற்றை நீக்குவது) புதிதாக, ஸ்லீப்பைக் கொடுத்து ஹீட் மெட்டல். மூன்றாவது கான்ட்ரிப்பாக மெஸேஜ். முன்னால் போய் வேவு பார்க்கும் ரோகுடன் 120 அடி வரை முணுமுணுப்பில் பேசலாம், அவரும் பதில் சொல்லலாம்.

ஐந்தாம் லெவல்: ஹிப்னாடிக் பேட்டர்ன் புதிதாக, ஹிடியஸ் லாஃப்டரைக் கொடுத்து பிளைண்ட்னெஸ் (கண்ணைக் குருடாக்குவது).

இப்போது எட்டு: ஹீலிங் வேர்டு, டிஸ்ஸனன்ட் விஸ்பர்ஸ், ஃபேரி ஃபயர், சஜெஷன், லெஸர் ரெஸ்டொரேஷன், ஹீட் மெட்டல், பிளைண்ட்னெஸ், ஹிப்னாடிக் பேட்டர்ன். கான்சன்ட்ரேஷன் நான்கு. சேவ்களில் விஸ்டம் மூன்று, டெக்ஸ்டெரிட்டி ஒன்று, கான்ஸ்டிட்யூஷன் ஒன்று. ஹீட் மெட்டலின் அடிக்கு சேவே கிடையாது.

இவற்றில் மூன்று மந்திரங்களை விரித்துச் சொல்ல வேண்டும்.

டிஸ்ஸனன்ட் விஸ்பர்ஸ் முதல் நிலை, கான்சன்ட்ரேஷன் இல்லை, 3டி6 அடி. விஸ்டம் சேவில் தோற்றவன் தன் ரியாக்ஷனைச் செலவழித்துத் தன் வேகம் முழுவதும் ஓட வேண்டும். தன் காலால் ஓடுவதால் பக்கத்தில் நிற்பவர்களுக்கு வாய்ப்புத் தாக்குதல் (விலகி ஓடுபவனை ரியாக்ஷனில் அடிப்பது) கிடைக்கும். ரோகின் ஸ்னீக் அட்டாக் (கூடுதல் அடி தரும் மறைகுத்து) ‘முறைக்கு ஒரு தடவை’ என்று எழுதப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். தன் முறையில் ஒரு தடவை போட்டவர் பார்டின் முறையில் இன்னொரு தடவை போடலாம். ஐந்தாம் லெவலில் அந்த ஒரு குத்து 1டி8+4 உடன் 3டி6, சராசரி 19. ஒரு முதல் நிலை ஸ்லாட்டில் 10.5உம் 19உம். ரோக் இல்லாத குழுவில் இதே மந்திரம் சாதாரணமானது. காது கேளாத எதிரி தானாகவே சேவில் வென்றுவிடுவான் என்பதையும், எதிரி ரியாக்ஷனை ஏற்கெனவே செலவழித்திருந்தால் ஓட மாட்டான் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஹீட் மெட்டல், இரும்புக் கவசம் அணிந்த ஒற்றைத் தலைவனுக்கென்றே பிறந்தது. முதல் முறையில் ஆக்ஷன், அடுத்தடுத்த முறைகளில் போனஸ் ஆக்ஷன்; ஒவ்வொன்றுக்கும் 2டி8 நெருப்பு. கையில் பிடித்த வாளைச் சூடாக்கினால் அவன் கீழே போட்டுவிடலாம். உடல் மேல் உள்ள பிளேட் கவசத்தைக் கழற்ற ஐந்து நிமிடம், மந்திரம் ஒரு நிமிடம். கழற்ற முடியாததால் தாக்குதல்களில் பாதகமும் தொடரும். நான்கு சுற்றுக்கு சராசரி 36 புள்ளி அடி, ஒரே இரண்டாம் நிலை ஸ்லாட்டில். இது போனஸ் ஆக்ஷனைப் பிடித்துக்கொள்வதுதான் இந்தப் பட்டியலின் பலவீனம். ஹீலிங் வேர்டு, இன்ஸ்பிரேஷன், ஹீட் மெட்டல் மூன்றும் ஒரே வாசலில் நெருக்கும். யாராவது விழுந்தால் அந்தச் சுற்றுக்குச் சூட்டை விட்டுவிட்டு எழுப்புவதுதான் சரி; கான்சன்ட்ரேஷன் போகாது, அடுத்த முறை மறுபடி சுடலாம்.

ஹிப்னாடிக் பேட்டர்ன் 30 அடிக் கனசதுரம். உள்ளே இருப்பவர் நண்பரா எதிரியா என்று அது பார்ப்பதில்லை. ஃபைட்டர் பாய்ந்த பிறகு போட்டால் ஃபைட்டரும் வாய்பிளந்து நிற்பார். எனவே முதல் சுற்றில், கைகலப்புக்கு முன். ஜாக் ஆஃப் ஆல் டிரேட்ஸ் (திறமையில்லாத சோதனைகளிலும் சிறு போனஸ் தரும் பார்டின் வரம்) இனிஷியேட்டிவுக்கும் (யார் முந்துவது என்ற எறிதல்) கூடுதல் ஒன்று தருவதால் பார்டு முந்துவதற்கு வாய்ப்பு சற்று அதிகம். நண்பர் உள்ளே மாட்டுவதைவிடப் பெரிய ஆபத்து விஸார்டு. மயங்கியவர் மேல் எந்த அடி விழுந்தாலும் மயக்கம் தெளிந்துவிடும். பார்டு ஆறு பேரை நிறுத்திவைத்த அடுத்த நொடியே ஃபயர்பால் விழுந்தால் மூன்றாம் நிலை ஸ்லாட் ஒன்று எரிந்தே போகும். இருவரும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்: எதிரி கூட்டமாகவும் பலவீனமாகவும் இருந்தால் ஃபயர்பால், பார்டு கைவைக்கக் கூடாது, ஒவ்வொருவரும் ஐம்பது அறுபது ஹிட் பாயின்டுடன் வந்தால் பேட்டர்ன், விஸார்டு வெளியே நிற்பவர்களை மட்டும் ஒற்றை இலக்காக அடிக்க வேண்டும்.

ஹீலிங் வேர்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1டி4+4, சராசரி 6.5. கியூர் வூண்ட்ஸ் 8.5 தருகிறது, ஆனால் பக்கத்தில் போய்த் தொட வேண்டும், ஆக்ஷனும் போகும். இரண்டு புள்ளிக்காக ஆக்ஷனை விடக்கூடாது. இது காயம் ஆற்றும் மந்திரமே அல்ல, விழுந்தவரை 60 அடி தூரத்திலிருந்து எழுப்பும் மந்திரம். யாரும் பூஜ்யத்தைத் தொடாதபோது இதைச் சொல்வது பெரும்பாலும் வீண்செலவு.

அதே கல்லறை, புதிய பட்டியல்

முதல் சுற்று: கூல்களைக் கண்டதும், இறந்தும் உலவுபவை இவை என்று தெரிந்ததும், ஹிப்னாடிக் பேட்டர்னைத் தொடுவதில்லை. ரோக்கும் ஃபைட்டரும் சேர்ந்து மறித்திருக்கும் கூல் மேல் டிஸ்ஸனன்ட் விஸ்பர்ஸ். கூலின் விஸ்டம் 10, தோற்க 70 சதவீதம். இந்த மந்திரம் மயக்கமும் அல்ல, அச்சமும் அல்ல. அதனால் கூலின் காப்பு எதுவும் குறுக்கே வராது. 10.5 புள்ளி அடியோடு திரும்பி ஓடுபவன் மேல் ரோகின் குத்து பட்டால் 22 ஹிட் பாயின்ட் கூல் பெரும்பாலும் அங்கேயே முடிந்தது. அதே முறையில் போனஸ் ஆக்ஷனாக விஸார்டுக்கு இன்ஸ்பிரேஷன். டி8ஐ அவர் முடக்க சேவில் கூட்டிக்கொள்ளலாம். முன்னால் கொடுத்தால்தான் பலன். முடங்கிய பிறகு கொடுக்கலாம் என்று காத்திருந்தால் அதற்குள் நகம் இறங்கியிருக்கும்.

இரண்டாம் சுற்று: காஸ்ட் மேல் பிளைண்ட்னெஸ். கான்ஸ்டிட்யூஷன் 10, தோற்க 70 சதவீதம், கான்சன்ட்ரேஷன் வேண்டாம். தோற்ற காஸ்ட் பாதகத்துடன் தாக்கும், அதன் மேல் எல்லோரும் சாதகத்துடன் தாக்குவார்கள். ஒரே குறை, 30 அடிக்குள் போக வேண்டும். ஒவ்வொரு முறை முடிவிலும் அது மறுபடி சேவ் எறியும்.

யாராவது முடங்கினால் லெஸர் ரெஸ்டொரேஷன். தொட வேண்டிய மந்திரம் என்பதால் 38 ஹிட் பாயின்ட் பார்டு கூல்களின் கைக்கெட்டும் தூரத்துக்குப் போகிறார். முடங்கியவரை அடிக்க இரண்டு கூல் நிற்கிறது என்றால் போகத்தான் வேண்டும். யாரும் அருகில் இல்லையென்றால் அவரே சேவ் எறிந்து எழட்டும். கட்டிங் வேர்ட்ஸை இந்தச் சுற்றுகளில் கூலின் நகத் தாக்குதலைக் குறைக்கச் செலவிடலாம் என்று தோன்றும். இங்கே ஒரு சிறு கண்ணி இருக்கிறது: மயக்கத்துக்கு ஆட்படாத உயிரிடம் கட்டிங் வேர்ட்ஸும் செல்லாது. கூல் சண்டையில் அதை எண்ணிக் கணக்குப் போடவே கூடாது. லோர் பார்டுகள் பலர் இந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

கான்சன்ட்ரேஷன் இடம் இந்தச் சண்டை முழுக்கக் காலியாக இருக்கிறது என்பதையும் கவனிக்கலாம். எதிரி ஐந்தும் நெருக்கமாக நின்றால் அதில் ஃபேரி ஃபயரை வைக்கலாம். வைக்காமலும் ஜெயிக்கலாம்.

ஆறாம் லெவல்: வேற்று வகுப்பிலிருந்து இரண்டு

லோர் பார்டுக்கு மட்டும் ஆறாம் லெவலில், எந்த வகுப்பின் பட்டியலிலிருந்தும் இரண்டு மந்திரம். மூன்றாம் நிலை வரை எடுக்கலாம், எண்ணிக்கையில் சேராது. ஃபயர்பாலுக்குக் கை நீளும். விஸார்டு பக்கத்தில் இருக்கும்போது இரண்டாவது ஃபயர்பால் வாங்குவது இந்த வரத்தைக் கொடுத்துவிட்டு வெறும் 8டி6 வாங்குவது.

இந்தக் குழுவுக்கு முதல் தேர்வு ஆரா ஆஃப் வைட்டாலிட்டி. பாலடின் பட்டியலில் உள்ளது, பாலடினுக்கே ஒன்பதாம் லெவலில்தான் கிடைக்கும். ஒரு நிமிடம், சுற்றுக்கு ஒரு போனஸ் ஆக்ஷன், ஒவ்வொன்றும் 2டி6. பத்துச் சுற்றில் சராசரி 70 ஹிட் பாயின்ட். அதே மூன்றாம் நிலை ஸ்லாட்டில் கியூர் வூண்ட்ஸ் தருவது 17.5. கான்சன்ட்ரேஷன்தான், ஆனால் சண்டை முடிந்த பிறகு போடுவதால் அதை எதிர்த்துப் போட்டியிட வேறு மந்திரம் இல்லை. எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ள வேண்டாத கான்சன்ட்ரேஷன் இது ஒன்றுதான்.

இரண்டாவதில் டிஎம்மை (ஆட்டத்தை நடத்துபவர்) பொறுத்து முடிவு. ரிவைவிஃபை இறந்து ஒரு நிமிடத்துக்குள் உயிர்ப்பிக்கும். 300 தங்க நாணய மதிப்புள்ள வைரம் ஒவ்வொரு தடவையும் கரைந்துபோகும். வைரம் வாங்க ஊர் இருக்கிறது என்றால் இதுவே. பார்டின் சொந்தப் பட்டியலில் ரெய்ஸ் டெட் வருவதற்கு ஒன்பதாம் லெவல் ஆக வேண்டும். பாலைவனத்திலோ பாதாளத்திலோ நடக்கும் கதை, வைரம் கண்ணில் படாது என்றால் கவுன்டர்ஸ்பெல். 2014 விதியில் மேல்நிலை மந்திரத்தை முறிக்க எறியும் சோதனையில் ஜாக் ஆஃப் ஆல் டிரேட்ஸின் கூடுதல் சேரும், விஸார்டுக்கு அது இல்லை. 2024இல் எதிரி கான்ஸ்டிட்யூஷன் சேவ் எறிவதாக மாறியதால் இந்த அனுகூலம் போய்விட்டது.

ஏற்கெனவே அந்தப் பட்டியலோடு ஐந்தாம் லெவலில் நிற்பவருக்கு

டிஎம்மிடம் கேளுங்கள், இதுதான் முதல் வழி. ஒரு தடவை முழுப் பட்டியலையும் மாற்ற விடுபவர்கள் நிறைய. கதைக்கு அதனால் சேதமில்லை. முடியாது என்றால் மூன்று லெவல் ஆகும், வரிசை முக்கியம்.

ஆறாம் லெவலில் கிடைக்கும் புதிய இடத்துக்கு ஹீலிங் வேர்டு. ஹீரோயிசத்தைக் கொடுத்து டிஸ்ஸனன்ட் விஸ்பர்ஸ். கூடுதல் இரண்டு மேலே சொன்னபடி. ஆறில் இந்த நான்கும் சேர்ந்து வருவதால் நோயின் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

ஏழாம் லெவலில் சார்ம் பெர்சனைக் கொடுத்து லெஸர் ரெஸ்டொரேஷன். மாற்றும்போது நிலை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, ஸ்லாட் உள்ள எந்த நிலையிலும் வாங்கலாம். புதிய இடத்துக்கு நான்காம் நிலையில் டைமென்ஷன் டோர் (நொடியில் இடம் தாவுவது). கிரேட்டர் இன்விசிபிலிட்டி கண்ணைப் பறிக்கும், ஆனால் அதுவும் கான்சன்ட்ரேஷன். டைமென்ஷன் டோர் கான்சன்ட்ரேஷன் கேட்பதில்லை, 500 அடி, கூட ஒருவரையும் அழைத்துப் போகலாம்.

எட்டாம் லெவலில் பாலிமார்ஃப் (வேறு உயிராக உருமாற்றுவது) புதிதாக. கொடுக்க வேண்டியது இன்விசிபிலிட்டி, வாங்க வேண்டியது பிளைண்ட்னெஸ். இன்விசிபிலிட்டியை விஸார்டு புத்தகத்தில் எழுதிக்கொள்வார். ஹோல்டு பெர்சனை வைத்துக்கொள்ளலாம். மேல்நிலை ஸ்லாட்டில் போட்டால் நிலைக்கு ஒரு ஆள் கூடுவதால் கொள்ளையர், கூலிப்படை, அரண்மனைக் காவலர் வரும் கதைகளில் அது எட்டாம் லெவலிலும் தன் இடத்தைச் சம்பாதிக்கும். இப்போது பதினொன்றில் ஆறு கான்சன்ட்ரேஷன், ஆராவைக் கணக்கில் சேர்க்காமல். ஹிடியஸ் லாஃப்டரை ஒன்பதாம் லெவலில் கழித்தால் போதும்.